கோடும் வரம்பும்: கேத்திரகணிதக் கோட்டு வகைகளின் சமூக அடித்தளம் – சித்தாண்டி வயற்புலத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

கேத்திரகணிதம் கற்கப் புகும் மாணவர் முதலிற் சந்திக்கும் எண்ணக்கருக்களுள் ஒன்று கோடு. நேர்கோடு, வளைகோடு, கோட்டுத்துண்டம், கதிர், சமாந்தரக் கோடுகள், செங்குத்துக் கோடு, குறுக்கோடி என அதன் வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரைவிலக்கணங்களுடன் அவர்க்கு அறிமுகமாகின்றன. கோடு என்பது அகலமற்ற நீளம் என யூக்கிளிட் கி.மு. 300 அளவில் வகுத்த வரைவிலக்கணமே இன்றும் பாடநூல்களின் பின்னணியில் நிற்கின்றது. ஆயின், அகலமற்ற நீளம் என்ற ஒன்றைக் கருதவேண்டிய தேவை மனிதர்க்கு எக்காலத்தில், எத்தகைய உழைப்பின் வழியாக, எத்தகைய உடைமை உறவுகளின் நடுவே எழுந்தது என்னும் வினா வகுப்பறையில் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் சித்தாண்டியை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்தாண்டியைத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலை வீதியில், ஏறாவூர்ப்பற்றில் அமைந்த இவ்வூர் சித்திர வேலாயுத சுவாமி கோயிலாற் பெயர் பெற்றது. வெளியூரார் இதனை வழிபாட்டுத் தலமாக அறிவர். எனினும் ஊரின் வாழ்வு வயலைச் சார்ந்தது. முந்தனையாற்றின் வெள்ளம் பரவும் தாழ்நிலம் இது. மாரி மிகும் ஆண்டுகளில் வயல் எது, வாய்க்கால் எது, வரம்பு எது எனப் பிரித்தறிய இயலாவாறு நீர் நிறைந்துவிடும். 2011 சனவரியிற் கீழ் மாகாணமெங்கும் பரந்த வெள்ளம் அண்மைக்கால உதாரணமாகும். நீர் வடிந்தபின் உழவர் செய்யும் முதற்பணிகளுள் ஒன்று வரம்பைத் தேடி மீளக் கட்டுதல். கேத்திரகணிதத்தின் பிறப்பைப் புரிந்துகொள்ள இதனினும் பொருத்தமான களத்தைக் காண்டல் அரிது.

1. பெயரும் பிறப்பும்

எகிப்தின் மன்னன் நிலத்தைச் சம சதுரங்களாகப் பங்கிட்டு ஆண்டுதோறும் வரி பெற்றான் என்றும், நைல் நதி ஒருவனது நிலத்தின் ஒரு பகுதியை அரித்துச் சென்றால் அரச ஊழியர் வந்து இழப்பை அளந்து வரியைக் குறைத்தனர் என்றும், இவ்வழக்கத்திலிருந்தே நில அளவைக் கலை பிறந்து கிரேக்கத்தை அடைந்தது எனத் தாம் கருதுவதாகவும் எரொடோத்தசு எழுதியுள்ளார். கிரேக்க மொழியில் அக்கலையின் பெயர் நிலத்தை அளத்தல் எனவே பொருள்படும். இந்தியாவிலோ வேள்வி மேடை அமைக்கும் விதிகளைக் கூறும் நூல்கள் சுல்ப சூத்திரங்கள் எனப்பட்டன. சுல்பம் என்பது கயிறு. இரு முளைகளுக்கிடையே இழுத்துக் கட்டிய கயிறே நேர்கோட்டின் முதல் வடிவம்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல் மரபில் வழங்கிவந்த கேத்திரகணிதம் என்னும் சொல்லும் இதனையே உணர்த்துகின்றது. கேத்திரம் என்பதன் முதற்பொருள் வயல். ஆகவே அத்துறைக்கு நாம் இட்ட பெயர் வயற்கணக்கு என்பதேயாம். கோயிலையும் தலத்தையும் குறிக்கும் பொருள் பின்னர் மேலோங்கியமையால் வயல் மறைந்துபோயிற்று.

தூய கணிதமும் மனிதரின் தேவைகளிலிருந்தே, நிலத்தையும் கலங்களின் கொள்ளளவையும் அளத்தலிலிருந்தும் காலத்தைக் கணித்தலிலிருந்துமே தோன்றியதென ஏங்கெல்ஸ் தமது தூரிங்குக்கு மறுப்பு நூலில் (1878) வலியுறுத்தினார். ஒரு கட்டத்தின் பின்னர் அவ்விதிகள் தாம் பிறந்த உலகிலிருந்து பிரிந்து, சுதந்திரமானவைபோல அவ்வுலகின்மீதே திரும்பிச் செலுத்தப்படுகின்றன என்பதும் அவர் கருத்து. சித்தாண்டி வயலிற் கோடு பெற்ற வரலாறு இக்கூற்றுக்கு நல்ல சான்றாகும்.

2. கோடு என்னும் சொல்

தமிழிற் கோடு என்னும் சொல்லின் பொருள்வரலாறு வியப்புக்குரியது. கோடுதல் என்னும் வினைக்கு வளைதல் என்பதே பொருள். கோட்டம் வளைவு, கோடாமை ஒருபாற் சாயாமை. விலங்கின் கொம்பும், யானையின் தந்தமும், மரக்கிளையும், மலையின் முகடும், குளத்தின் கரையும் கோடு எனப்பட்டன. இவை யாவும் வளைந்தவை. மட்டக்களப்பிற் கண்ணகி வழிபாட்டுடன் ஒட்டி, வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளைக் கொளுவி இழுக்கும் கொம்புமுறி விளையாட்டினைக் கண்டோர்க்குக் கோடு என்பதன் பழம்பொருளை விளக்கவேண்டியதில்லை.

ஆகவே நேர்கோடு என்னும் தொடர், சொற்பிறப்பு நோக்கில், நேரான வளைவு என்றாகின்றது. இஃது முரண் போலத் தோன்றினும் வரலாற்றுண்மை ஒன்றினைப் பொதிந்துள்ளது. இயற்கை மனிதனுக்கு முதலிற் காட்டிய எல்லைகள் பெரும்பாலும் வளைந்தவை. வாவிக்கரை, ஆற்றங்கரை, குளக்கரை யாவும் வளைகோடுகளே. நேர்மை மனித உழைப்பின் விளைபொருள். மரத்தின் கோட்டத்தைத் தீர்க்கும் தச்சனின் நூலையும், மனத்தின் கோட்டத்தைத் தீர்க்கும் கல்வி நூலையும் நன்னூலார் ஒப்பிட்டுரைத்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. வளைந்ததை நேராக்கும் தொழிற்கருவியின் பெயரே அறிவைத் தரும் ஏட்டின் பெயருமாயிற்று.

கோட்டுடன் உறவுடைய ஏனைய சொற்களையும் நோக்குவோம். வரி என்பது கோடு. அதுவே அரசுக்குச் செலுத்தும் இறையும். வரம்பு என்பது எல்லை. அதுவே வயலின் அணை. வேலி என்பது நிலத்தைச் சூழும் கோடு. அதுவே சூழப்பட்ட நிலத்தின் அளவும், அதாவது இருபது மா. சூழும் கோட்டுக்கும் சூழப்பட்ட பரப்புக்கும் ஒரே பெயரை இட்ட சமூகத்தில், நிலத்தை வளைத்தலும் உடைமையாக்கலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என நாம் கொள்வது தவறாகாது. சோழர் காலத்தில் முதலாம் இராசராசன் 1001ஆம் ஆண்டளவில் நடத்திய நில அளவையும், அதனுடன் தொடர்புடைய உலகளந்த கோல் என்னும் பெயரும் அளவைக்கும் ஆட்சிக்கும் இடையிலான பிணைப்பை உணர்த்துவன. செங்கோல், கொடுங்கோல் என்னும் அரசியற் சொற்களிலும் நேர்மைக்கும் கோட்டத்துக்குமான அதே எதிர்நிலையைக் காண்கின்றோம்.

3. வயலில் விளங்கும் கோட்டு வகைகள்

பாடநூல் கூறும் கோட்டு வகைகளுட் பெரும்பாலானவற்றை வயலிலும் களத்திலும் உழவரின் செயலாகக் காணலாம்.

முதலாவது கிடைக்கோடு. இதனை உழவருக்குக் கற்பிப்பது நீர். வயலில் நீரைத் தேக்கி, மேடு எது பள்ளம் எது என அறிந்து, பலகையால் மட்டப்படுத்துவர். மட்டம் என்னும் சொல்லே கிடைத்தளத்தைக் குறிக்கும். மட்டக்களப்பு என்னும் பெயரினை மட்டமான களப்பு என விளக்குவோரும் உளர். இரண்டாவது நிலைக்குத்துக்கோடு. பாரம் கட்டித் தொங்கவிட்ட நூலே இதன் ஆசிரியர். கொத்தனார் சுவரெழுப்புவதும் சிற்பியர் தூண் நிறுத்துவதும் இதனைக் கொண்டே.

மூன்றாவது சமாந்தரக் கோடுகள். அருகருகே செல்லும் ஏர்ச்சால்கள் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. அவற்றுக்குக் குறுக்காக மறு உழவு உழும்போது புதிய சால்கள் பழையவற்றை வெட்டிச் செல்கின்றன. பல சமாந்தரக் கோடுகளை வெட்டிச் செல்லும் கோட்டினைப் பாடநூல் குறுக்கோடி என்கின்றது. வயலிற் குறுக்கே ஓடும் சாலும் குறுக்கோடியே.

நான்காவது வட்டமும் அதனைச் சார்ந்த கோடுகளும். இயந்திரங்கள் வருமுன், களவெட்டியிற் பிணைத்த மாடுகளும் எருமைகளும் நடுவை நோக்கியவாறு சுற்றிச் சுற்றிச் சூடு மிதித்தன. நடுக்கட்டையிலிருந்து மாட்டிற்குள்ள கயிற்றின் நீளம் மாறாதிருத்தலே வட்டத்தின் வரைவிலக்கணம். அந்நீளத்தை இலங்கைப் பாடநூல்கள் ஆரை என்பன. வண்டிச் சில்லின் ஆரக்காலை நினைவூட்டும் சொல் இது. வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் நாணும், வட்டத்தின் துண்டமாகிய வில்லும் வேட்டைக் கருவியின் உறுப்புகள். வட்டத்தின் அரைச் சுற்றளவை அரை விட்டத்தாற் பெருக்கின் பரப்புக் கிடைக்கும் என்னும் விதியைப் பழந்தமிழ்க் கணக்கு மரபு அறிந்திருந்தது.

இனி, கோட்டுக்கும் கோட்டுத்துண்டத்துக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. வரம்பு ஒன்றுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, அது கோட்டுத்துண்டம். தொடக்கம் உண்டு, முடிவில்லை எனின் அது கதிர். இரு திசையிலும் முடிவின்றி நீளுவதே கணிதம் கூறும் கோடு. முடிவற்ற வரம்பினை எவ்வுழவரும் கட்டியதில்லை. அதேபோல அகலமற்ற வரம்பும் இல்லை. நடந்து செல்லவும் நீரைத் தடுக்கவும் அதற்கு அகலம் வேண்டும். இங்கேதான் அனுபவத்திலிருந்து கருத்துநிலைக்கான பாய்ச்சல் நிகழ்கின்றது. வரம்பின் மண்ணையும் அகலத்தையும் அதனைக் கட்டிய கைகளையும் நீக்கியபின் எஞ்சுவதே யூக்கிளிட்டின் கோடு.

4. கோட்டை வரைந்தவர் யார்?

அகலமற்ற கோடு சிந்தனையில் மாத்திரம் நின்றுவிடவில்லை. குடியேற்ற ஆட்சி அதனை நிலத்தின்மீது இறக்கிற்று. ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1800இல் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தைத் தோற்றுவித்தார். அதன் கருவிகளுள் ஒன்று 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலி. ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் கொண்ட நிலம் ஓர் ஏக்கர், அதன் நாலிலொன்று றூட், நூற்றறுபதிலொன்று பேர்ச்சஸ். விதைக்கும் நெல்லின் அளவாகிய அவணத்தினால் நிலத்தை அளந்துவந்த உழவர்முன் முற்றிலும் வேறான அளவுமுறை ஒன்று வந்து நின்றது. விதைநெல்லின் அளவு நிலத்தின் வளத்துடனும் உழைப்புடனும் தொடர்புற்றது. சங்கிலிக்கோ மேட்டு நிலமும் சேற்று நிலமும் ஒன்றே.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம், காட்டுநிலமும் பயிரிடப்படாத நிலமும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியவை எனக் கொண்டது. 1897இன் தரிசுநிலக் கட்டளைச்சட்டம் இதனை மேலும் இறுக்கிற்று. வழக்கத்தினாலும் உழைப்பினாலும் அறியப்பட்ட எல்லை போதாதாயிற்று. படத்தில் வரையப்பட்ட எல்லையும் எழுதப்பட்ட உறுதியுமே சான்றாயின. ஆற்றையும் மேட்டையும் அனுசரித்து வளைந்து சென்ற வரம்பு, உரிமையைக் காட்டும் ஆற்றலை நேர்கோட்டிடம் இழந்தது.

குடியேற்றத்தின் முன் இங்கு சமத்துவம் நிலவியது என்று கொள்வதற்கில்லை. மட்டக்களப்பு வயல்களிற் போடியார், முல்லைக்காரர், வயற்காரர் என்ற படிநிலை வேரூன்றியிருந்தது. வரம்பைக் கட்டியவர் ஒருவர். வரம்புக்குள் விளைந்ததில் பெரும்பங்கு பெற்றவர் வேறொருவர். வட்டையின் நீர்ப்பங்கீட்டைக் கவனித்த வட்டவிதானையும் இவ்வமைப்பினுள்ளேயே இயங்கினார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையை ஏக்கருக்கு 12 புசல் அல்லது விளைச்சலின் நாலிலொன்று, இவற்றுட் குறைந்ததென வரையறுத்தது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியொருவர் வைத்திருக்கக்கூடிய நெற்காணியை 25 ஏக்கர் என மட்டுப்படுத்தியது. இவையும் கோடுகளே. முன்னையவை உழைப்பாளரை நிலத்திலிருந்து பிரித்த கோடுகள். பின்னையவை உடைமையாளரின் பங்குக்கு எல்லையிட முயன்ற கோடுகள். சட்டத்தில் வரைந்த கோடு வயலில் எவ்வளவு தூரம் சென்றது என்பது வர்க்கங்களின் வலுவைப் பொறுத்தே அமைந்தது.

5. கலைச்சொல்லாக்கமும் மக்களும்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரி (1823–1855) மேனாட்டுக் கணிதத்தை உயர்நிலையிற் கற்பித்தபோது அதன் மொழி ஆங்கிலமாயிருந்தது. தமிழில் அறிவியலைச் சொல்லும் முயற்சி 1916இற் சேலத்தில் அமைந்த கழகத்தினாலும், 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டினாலும் வலுப்பெற்றது. அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) ஆவார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938இல் வெளிவந்தது. அறிவியற் பட்டதாரியான அடிகள் தமது யாழ்நூலில் (1947) நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணிதமுறையில் ஆராய்ந்தவர். இழுத்துக் கட்டிய நரம்பு இசையுமாகும், கோடுமாகும் என்பதை அவர்தம் ஆய்வு காட்டிற்று.

இலங்கையில் 1945 முதல் தாய்மொழிக் கல்வி தொடக்கநிலையிலும் பின்னர் படிப்படியாக மேல்வகுப்புகளிலும் நடைமுறைக்கு வந்ததை அடுத்து, 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்களை வகுத்தது. தமிழகம் இணைகோடு என்பதை நாம் சமாந்தரக் கோடு என்கின்றோம். அங்கு தொடுகோடு, இங்கு தொடலி. அங்கு ஆரம், இங்கு ஆரை. எது சிறந்தது என்னும் விவாதம் அறிஞரிடையே நிகழ்ந்துவந்துள்ளது. எமது நோக்கில் முதன்மையான வினா பிறிதொன்று. சமாந்தரம் என்னும் சொல்லைக் கேட்கும் வயற்காரரின் பிள்ளை, தந்தை உழுத சாலை அதனுடன் தொடர்புறுத்திப் பார்க்கின்றதா? தொடர்புறுத்தவில்லையாயின் குறை சொல்லில் மாத்திரம் இல்லை. உழைப்பையும் அறிவையும் பிரித்துவைத்த கல்விமுறையில் உள்ளது.

இவ்விடத்து ஒன்றினைத் தெளிவுபடுத்தல் வேண்டும். கருத்துநிலைக் கோட்டினை ஒதுக்கிவிட்டு வரம்புக்குத் திரும்புக என்பது எம் வாதமன்று. வரம்போடு நின்றிருப்பின் கணிதம் வளர்ந்திராது. லோபச்செவ்ஸ்கி 1829இலும் போல்யாய் 1832இலும் யூக்கிளிட்டின் சமாந்தர எடுகோளினின்று விலகி, ஒரு புள்ளியூடாக ஒரு கோட்டுக்குப் பல சமாந்தரக் கோடுகள் செல்லும் வேறொரு கேத்திரகணிதத்தை அமைத்தமை கருத்துநிலையின் ஆற்றலாலேயே இயன்றது. என்றுமுள்ள உண்மை எனக் கருதப்பட்டதும் மாறுதற்குரியதே என்பதை அம்மாற்றம் உணர்த்திற்று.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, கோட்டின் வகைகள் நிலத்தோடும் நீரோடும் கருவியோடும் மனிதர் நடத்திய உழைப்பில் வேர்கொண்டவை. தமிழ்ச் சொற்கள் அவ்வேரினை இன்னும் தாங்கி நிற்கின்றன. இரண்டு, உழைப்பிற் பிறந்த கோடு உடைமையின் கருவியாக உழைத்தோர்மீது திரும்பியது. வரி, வரம்பு, வேலி என்னும் சொற்கள் இதற்குச் சான்று. மூன்று, கேத்திரகணிதத்தை மக்கள் உடைமையாக்கும் பணி மொழிபெயர்ப்போடு முடிவதில்லை.

சித்தாண்டியை அடுத்த வந்தாறுமூலையில் 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியும், அதன் வளர்ச்சியாக 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமும் அமைந்தன. வயலும் பல்கலைக்கழகமும் இவ்வளவு அண்மையில் அமைந்திருத்தல் நல்வாய்ப்பாகும். வயற்சொற்களையும் களவெட்டிச் சொற்களையும் நில அளவை வழக்குகளையும் முறையாகத் தொகுத்தல், அவற்றைக் கணித ஆசிரியர் கையிற் சேர்த்தல், வெள்ளம் வடிந்தபின் வரம்பு மீளக் கட்டப்படும் முறையை மாணவர் நேரிற் கண்டு அளந்து படமாக வரையச் செய்தல் ஆகியன உடனடியாகத் தொடங்கத்தக்க பணிகள். மொழித்துறையும் கணிதத்துறையும் உழவரும் கூடிச் செய்யவேண்டியவை இவை. வரம்பை அறிந்த பிள்ளைக்குக் கோடு அந்நியமாகாது. கோட்டை அறிந்த பிள்ளை, தன் வரம்பு எவ்வாறு பிறர் கைக்குச் சென்றது என வினவவும் கற்கும்.