வரைகலை அட்டை வெப்பப் பழுது

வரைகலை அட்டை வெப்பப் பழுது என்பது கணினியின் வரைகலை அட்டை (கிராபிக்ஸ் கார்டு) அளவுக்கு மீறிச் சூடேறுவதால் உண்டாகும் சேதமாகும். திரையில் கோடுகள் அல்லது நிறப்புள்ளிகள் தோன்றுதல், கணினி இடையில் நின்றுபோதல், படமே வராதிருத்தல் ஆகியன இதன் அறிகுறிகள்.

விசிறியால் சில்லினை அறையின் வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க இயலாது. 25 பாகை செல்சியசு அறையில் 75 பாகையில் இயங்கும் சில்லு, திருத்தணி போன்று கோடையில் 40 பாகையைத் தாண்டும் ஊர்களில், அதே விசிறி வேகத்தில் ஏறத்தாழ 90 பாகையை எட்டும். பல சில்லுகள் அதற்கு முன்பே தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதைப் பழுதெனக் கொள்ளலாகாது.

கண்டறிதல்

மின்னிணைப்பைத் துண்டித்தபின், விசிறி தடையின்றிச் சுழல்கிறதா, உலோகத் தகடுகளிடையே தூசி அடைத்துள்ளதா எனப் பார்க்கவேண்டும். சில்லின் மேலுள்ள வெப்பப் பசை காய்ந்திருப்பின் புதிதாக இடவேண்டும். தாய்ப்பலகையில் தனித் திரை இணைப்பு இருந்தால், அட்டையைக் கழற்றிவிட்டு அதில் திரையைப் பொருத்திச் சோதிக்கலாம். இயங்குதளம் தொடங்குமுன்னரே கோடுகள் தெரிந்தால் அது இயக்கி மென்பொருளின் குறையன்று.

அடுப்பில் சூடாக்குதல்

பழுதான அட்டையை அடுப்பில் சூடாக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அட்டை சில நாட்கள் இயங்கக்கூடும். ஆயினும் சில்லுக்கும் அதன் அடித்தளத்துக்கும் இடையிலான நுண்ணிய பற்றாசு இணைப்புகள் மீண்டும் விரிசலுறும். சமையல் அடுப்பில் செய்தால் நச்சுப்புகைக்கும் இடமுண்டு. இத்தகைய இணைப்புக் குறைகள் உற்பத்தியிலேயே நேர்வதும் உண்டு: மடிக்கணினிச் சில்லுகளின் பொதிவுப் பொருளில் இருந்த குறைக்காக என்விடியா நிறுவனம் 2008 சூலையில் 15 முதல் 20 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது.