வில்லுக்கு ஒரு கம்பு

வில்லுக்கு வேண்டியது ஒரு கம்பு. ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளம், கணுவும் கோணலும் இல்லாமல். முதிரை, பாலை, கருங்காலி என்று லொறி லொறியாக மரம் போன நம் பக்கத்துக் காட்டில் இப்படி ஒரு கம்பு குறைந்தால் காட்டுக்கே தெரியாது. ஆனாலும் நான் படித்தும் கேட்டும் அறிந்தவரையில், அந்தக் கம்பை எந்தக் காலத்திலும் எவரும் சும்மா வெட்டிக்கொண்டு வந்ததில்லை. யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது. யாரிடம் கேட்பது என்பதுதான் மாறிக்கொண்டே வந்தது.

நான் அக்கரைப்பற்றான். வாப்பா மரக்காலை வைத்திருந்தவர். நான் அரசாங்க எழுதுவினைஞனாகி, உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைத் திருக்கோவில் பக்கம் கழித்தேன். அவர் மரத்தைக் கன அடியில் பார்த்தார். நான் கடுதாசியில் பார்த்தேன். காட்டுக்குள் உயிரோடு நிற்கிற மரத்தைப் பார்த்தவர்கள் எங்கள் இருவரையும் தவிர்ந்த வேறு ஆட்கள்.

திருக்கோவிலில் கிழக்கே கடல். மேற்கே போனால் சாகாமக் குளம், கஞ்சிகுடிச்சாறு, ரூபஸ்குளம், அதற்கப்பால் காடு. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சனம் கடலைப் பார்த்து வந்தாலும், சித்திரவேலாயுத சுவாமி கோவிலின் கதை காட்டுப் பக்கம் பார்த்த கதை. சூரனை வென்ற வேல்களில் ஒன்று இங்கே வெள்ளை நாவல் மரத்தில் தங்கியது என்றும், இன்னொன்று மண்டூரில் தில்லை மரத்தில் தங்கியது என்றும், கண்டெடுத்துக் கும்பிட்டவர்கள் வேடர்கள் என்றும் ஊரில் சொல்வார்கள். கதையைச் சரித்திரமாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கோவிலுக்கும் முந்திய உரிமை காட்டுக்காரருக்கு என்று இந்தக் கரையோரச் சனம் தாங்களாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். பிற்காலத்துப் பதிவேடுகளில் அந்த ஒப்புதல் இல்லை.

வேடரின் வில்லைப் பற்றி எழுதியவர்களில் எனக்குப் பிடித்தவர் றொபேட் நொக்ஸ். 1660இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் கைதியாக இருந்த ஆங்கிலேயர். 1681இல் வெளியான புத்தகத்தில் வேடர் அம்பு செய்விக்கும் விதத்தை எழுதியிருக்கிறார். இரவிலே இறைச்சியைக் கொண்டுவந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவார்கள். பக்கத்தில், அம்பு முனை எப்படி வேண்டுமோ அப்படி வெட்டிய ஒரு இலை. கொல்லன் அடித்து வைத்தால் மேலும் இறைச்சி வரும். அடிக்காவிட்டால் ஏதோ ஒரு இரவில் அவன் மீதே அம்பு வரும். பேச்சு வார்த்தை இல்லாத வியாபாரம், ஆனால் கணக்கு வழக்கு மிகச் சரி.

இரும்புக்குத்தான் வேடர் ஊரை நம்பியிருந்தார்கள். நாண் மரப்பட்டை நார். கம்பு காட்டில். அந்தக் கம்புக்கும் கேட்க வேண்டிய ஆட்கள் இருந்தார்கள்.

மானிடவியலாளர் செலிக்மனும் மனைவி பிரெண்டாவும் 1907, 1908இல் வேடரிடையே அலைந்து, 1911இல் கேம்பிரிட்ஜ் அச்சகத்தில் புத்தகம் போட்டார்கள். நம் காட்டுக்கு மேற்கேயுள்ள ஹெனபெத்த, தனிகல வேடரையும் பார்த்தார்கள், வடக்கே மட்டக்களப்புக் கரையில் தமிழ் பேசும் கரையோர வேடரையும் பார்த்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் தன் வேட்டைக்காடும் தேன் மலையும் உண்டு, மற்றவன் எல்லைக்குள் கேளாமல் போனால் சண்டை வரும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. எல்லையை எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? எல்லையோர மரங்களின் அடியில், வில்லை வளைத்து நிற்கும் ஒரு மனிதனின் உருவத்தைச் செதுக்கி வைப்பார்களாம். அதைப் பார்த்தவன் நின்று, ஆள் வரும்வரை காத்திருந்து கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கண்ட அறிவித்தல் பலகைகளில் இதைவிடத் தெளிவானது எதுவுமில்லை.

மனிதரைத் தவிர வேறு உடைமைக்காரரும் இருந்தார்கள். வேட்டைக்குப் போகுமுன் கந்தே யக்கா என்ற ஆவியை அழைப்பது வேடரின் வழக்கம். சடங்கில் கையில் பிடித்து ஆடுவதற்கென்றே நீண்ட அலகுள்ள அம்பு ஒன்று இருந்தது. நாகரிகம் பெற்றவர்களின் நூல்களும் இதையேதான் சொல்லின. சிலைக்கு மரம் தேடிக் காட்டுக்குள் புகும் முறை பற்றி வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையில் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். மரத்தில் குடியிருக்கும் பூதங்களுக்குப் படையல் வைத்து, வேறிடம் போய்விடும்படி வேண்டிக்கொண்ட பிறகுதான் கோடாரி. கேட்கும் முறை ஒன்றுதான். வேடர் அதை எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

எங்கள் ஆட்கள் இதில் எங்கே வருகிறார்கள் என்றால், தவளத்தில். கரையிலிருந்து உப்பும் கருவாடும் சீலையும் மாட்டு முதுகில் ஏற்றி ஊவாப் பக்கம் போன சோனகர், திரும்பும்போது தேன், மெழுகு, காய்ந்த இறைச்சி கொண்டுவந்தார்கள். ஊவாவின் வெல்லசைச் சோனகருக்குத் தலைவராக ஹாஜி மரிக்கார் என்பவரை வெள்ளைக்காரர் முகாந்திரமாக நியமித்ததும், கிளர்ச்சிக்காரர் அவரைப் பிடித்ததும், 1817இல் அங்கே புறப்பட்டுப் போன பதுளை உதவி ரெசிடென்ட் வில்சன் அம்பு பட்டுச் செத்ததும் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் போய்விடுகின்றன. ஊவாக் கிளர்ச்சி தொடங்கிய கதையில் ஒரு வேடனின் வில்லும் ஒரு முஸ்லிம் வியாபாரியின் பதவியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை.

பிறகு 1840. அந்த வருடத்து 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிரில்லாத நிலம் எல்லாம் முடிக்குரியவை என்று எடுத்துக்கொள்ளப்படும் என்றது. இல்லையென்பவன் நிரூபிக்க வேண்டும். மரத்தில் செதுக்கிய வில்லாளி எந்த நீதிமன்றத்தில் உறுதிப்பத்திரமாக ஏறுவான்? அந்தச் சட்டத்தால் மலைநாட்டுக் காடு கோப்பித் தோட்டக்காரருக்கு விலைபோனது. மலை மொட்டையான பிறகுதான் கவலை வந்தது. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் மலையுச்சிக் காட்டைக் காப்பாற்றச் சொன்னார். 1882இல் வன அதிகாரி வின்சென்ட் காடுகளைப் பற்றி அறிக்கை எழுதினார். 1885இல் வனக் கட்டளைச் சட்டம், 1887இல் வனத் திணைக்களம், 1907இல் 16ஆம் இலக்கச் சட்டம். காட்டை அழித்தவன் கோப்பித் துரை. அதற்காக வந்த கட்டுப்பாடோ சேனை வெட்டுகிறவனையும் கம்பு வெட்டுகிறவனையும் பிடித்தது. வின்சென்ட் போன்றோர் காட்டைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரியே என்பது என் எண்ணம். ஆனால் அவர்கள் காட்டுக்குள் பார்த்தது விற்கக்கூடிய மரத்தை.

நான் எழுதிய பதிவேடுகளும் அந்தக் கண்ணால்தான் கோடு போடப்பட்டிருந்தன. மர இனம், எண்ணிக்கை, நீளம், சுற்றளவு, கன அடி, கட்டிய பணம், ஏற்றும் இடம், இறக்கும் இடம். விறகுக்குத் தனிப் பக்கம். வேலிக்கம்புக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில்தான் ஒருமுறை எனக்கு வில் வந்து மாட்டியது.

கோவில் வேட்டைத் திருவிழாவுக்கான வில் பழுதாகிவிட்டது என்று, பூசை செய்கிற ஒரு கப்புகனார் வந்தார். வயதானவர், வேட்டியை மடித்துக் கட்டியபடியே மேசைக்கு முன்னால் நின்றார். விண்ணாங்கில் ஒரு கம்பு வெட்ட வேண்டும், ஆமிக்காரர் கேட்டால் காட்ட ஒரு துண்டு வேண்டும் என்றார். யுத்த காலம். காட்டுக்குள் கத்தியோடு போகிற ஆளை இரண்டு பக்கமும் சந்தேகமாகப் பார்த்த காலம்.

“ஐயா, வில் எண்டு எழுத இதில இடமில்ல,” என்றேன்.

“அப்ப என்னெண்டு எழுதுவ மனே?”

மேலே இருந்த அதிகாரி நல்ல மனிதர். சிரித்துவிட்டு, வேலிக்கம்பு என்று போடு, எண்ணிக்கை ஒன்று என்றார். ஒற்றைக் கம்பால் யார் வேலி அடைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் கப்புகனார் கேட்டார்: “ஒரு கம்புக்கு எத்தினை கையெழுத்து மனே? மரத்துக்கிட்டக் கேக்கிறதுக்கு எனக்கு ஒரு வெத்திலையும் பாக்கும் காணும்.” அவர் வெட்டினாரா, வேறு யாரிடமாவது பழைய வில் வாங்கினாரா என்று நான் விசாரிக்கவில்லை. விண்ணாங்கு வளைந்து கொடுக்கும் மரம், வண்டில் செய்கிறவர்கள் தேடுகிற மரம் என்று வாப்பா சொல்லியிருந்ததால், அவர் கேட்ட மரத்தில் பிழை இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

வில்லுக்கு மரம் வெட்ட அரசாங்கமே முன்னின்று அனுமதி கொடுத்த தேசங்களும் உண்டு. அங்கே நடந்ததைப் படித்தபோது கப்புகனாரின் ஒற்றைக் கம்பு ஞாபகம் வந்தது. ஆங்கிலேயரின் நெடுவில் யூ என்ற ஊசியிலை மரத்தால் ஆனது. தங்கள் நாட்டு மரம் போதாமல் 1294இலேயே வெளியிலிருந்து இறக்கத் தொடங்கிவிட்டார்கள். நான்காம் ஹென்றி, தன் வில் செய்வோன் தனியார் காணிக்குள்ளும் புகுந்து மரம் வெட்டலாம் என்று கட்டளையிட்டான். 1472இல் வந்த சட்டப்படி, இங்கிலாந்துத் துறைமுகத்துக்கு வரும் கப்பல் ஒவ்வொரு தொன் சரக்குக்கும் நாலு வில் கம்பு கொண்டுவர வேண்டும். கம்பு ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் இருந்து வந்தது. நூறு கம்பின் விலை 1483இல் இரண்டு பவுணிலிருந்து எட்டுக்கு ஏறி, 1510இல் வெனிஸ் வியாபாரிகளிடம் பதினாறுக்குப் போனது. வெட்டும் ஏகபோக உரிமையை அரசரே வழங்கினார். 1507இல் புனித உரோமச் சக்கரவர்த்தி பவேரியக் கோமகனிடம் வெட்டை நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை. 1562இல் பவேரிய அரசாங்கம் நீண்ட முறைப்பாடு அனுப்பியது: யூ மரத்தை மட்டும் பொறுக்கி வெட்டுவதால் கூரைபோல் நின்ற காடு ஓட்டையாகிறது, காற்று புகுந்து பக்கத்து மரங்களையும் சாய்க்கிறது. 1568இல் சக்சனி ஏகபோகம் கேட்டபோது கொடுப்பதற்கு மரமே மிச்சமில்லை. 1595இல் இங்கிலாந்து தன் படையில் வில்லை விட்டுத் துவக்குக்கு மாறியது.

அங்கே எல்லாம் அனுமதியோடுதான் நடந்தது. ஒவ்வொரு கம்புக்கும் கணக்கு இருந்தது.

நம் பக்கம் திரும்புகிறேன். 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தில் எனக்கு வேடிக்கையாகப் படுகிற ஒரு ஏற்பாடு உண்டு. தேசிய வனத்துக்குள் போக அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். எதற்கென்றால் அங்குள்ள உயிரினங்களையும் தாவரங்களையும் பார்ப்பதற்கு. பார்க்கலாம், எடுக்க முடியாது. கொழும்பிலிருந்து வருபவனுக்கு அது போதும். அந்தக் காட்டிலேயே வில் செய்து வாழ்ந்தவனுக்குப் பார்த்துவிட்டு வருகிற சீட்டு எதற்கு? 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அமெரிக்கக் கம்பனி அணை கட்டி, சேனநாயக்க சமுத்திரம் நிரம்பியது. நம் வட்டைகளுக்கு நீர் வந்தது, போடிமாருக்கு இரண்டு போகம் விளைந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டுச் சோறும் அந்தத் தண்ணீரில் விளைந்ததுதான். ஆனால் அந்தக் குளத்தின் நீரேந்து காட்டைக் காக்க 1954இல் கல்லோயா தேசிய வனம் வந்தபோது, செலிக்மன் கண்ட வேடரின் பிள்ளைகள் அதன் விளிம்பில், ரத்துகல பக்கம், ஒதுங்கிப்போனார்கள்.

வடக்கே அதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசிய வனம் அறிவிக்கப்பட்டது, 58,000 ஹெக்டேருக்கு மேல். மகாவலித் திட்டம் கொடுத்த காணிகளுக்குப் பல வேடர் குடும்பங்கள் ஹெனானிகலவுக்குப் போயின. தம்பானை வேடரின் தலைவர் திசாஹாமி போகவில்லை. 1998இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அவர் உயிரோடிருந்தபோதே, 1996இல், மகன் வன்னில அத்தோ ஜெனிவாவில் ஐக்கிய நாடுகளின் பழங்குடியினர் குழுவின் முன் நின்று பேசினார். தோளில் கோடாரியோடு அவர் நிற்கும் படத்தைப் பத்திரிகைகள் விரும்பிப் போடுகின்றன. அந்தக் கோடாரிப் பிடிக்கான மரம் எங்கிருந்து, எந்தச் சட்டப்படி வந்தது என்று ஒரு நிருபரும் கேட்டு நான் வாசித்ததில்லை.

இந்தியாவில் கொஞ்சம் வேறு வழியில் போயிருக்கிறார்கள். 1927ஆம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று கணக்கிட்டதால், வில்லுக்கோ கூடைக்கோ ஒரு கழி வெட்டினாலும் மரம் வெட்டிய குற்றமாகவே இருந்தது. 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப் பொருளில் சேர்த்து, காட்டில் வாழ்வோருக்கு அதன்மேல் உடைமை கொடுத்தது. நடைமுறையில் எவ்வளவு கிடைத்தது என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. ஆனாலும், எங்கள் பதிவேட்டில் இல்லாத பக்கத்தை அவர்கள் சட்டத்திலாவது திறந்து வைத்தார்கள்.

வேட்டைத் திருவிழாவுக்கு வில் செய்ய என்ன வழி என்று இப்போதும் யாராவது இளைஞர் என்னிடம் கேட்பதுண்டு, ஓய்வு பெற்றவனுக்கு எல்லாச் சட்டமும் தெரியும் என்ற நம்பிக்கையில். காட்டுப் பக்கம் போகாதே என்பேன். வளவில் பனை இருக்கிறதா என்று கேட்பேன். கௌடலியர் தம் அர்த்தசாஸ்திரத்தில் வில்லுக்கான பொருள்களாகப் பனை, மூங்கில், மரம், கொம்பு என்று நாலைச் சொல்கிறார், பனைதான் முதலில். காட்டுப் பொருளுக்கென்று ஒரு அதிகாரியை வைத்து, கேளாமல் வெட்டுகிறவனுக்குத் தண்டமும் போட்ட அதே மனிதர், ஆபத்தில் வெட்டியவனுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். நம் 1951ஆம் ஆண்டு மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி வேண்டும். ஆண் பனை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, வயிரம் பாய்ந்த கிழட்டு ஆண் பனையாகப் பார். அதைச் சீவுகிற தச்சன் கூலி அதிகம் கேட்பான், பேசிக்கொள். வீதியில் ஏற்றுவதானால் மட்டும் முதலில் கிராம சேவகரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்.