பொய்ப் புள்ளியைப் பிடித்த குலுக்கல்

செல்போனைப் பிடித்தபடி மெல்லத் திரும்பி ஒரு மலைத்தொடரைப் படமெடுக்கிறோம். துண்டு துண்டான படங்கள் ஒட்டுத் தெரியாமல் ஒரே நீளப் படமாகின்றன. ஒரு படத்தின் புள்ளியை அடுத்த படத்தில் தேடும்போது கணினி தவறான ஜோடிகளையும் சேர்த்துவிடும். அவற்றைக் களைய உலகமே நம்பியிருக்கும் வழிகளில் முக்கியமானது 'ரான்சாக்'.

அது 1981இல் வெளியானது. கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் ஆய்வகத்தில் மார்ட்டின் ஃபிஷ்லர், ராபர்ட் போல்ஸ் இருவரின் முன்னும் இருந்தது வரைபடக் கலையின் கேள்வி: நிலத்தில் இடம் தெரிந்த அடையாளங்கள் ஒரு படத்தில் பதிவாகியுள்ளன; அதை எடுத்த கேமரா எங்கே இருந்தது? ஒரு சாலைச் சந்திப்பை இன்னொன்றாகக் கணினி எண்ணிவிட்டால் போதும், விடை முழுவதும் சாய்ந்துவிடும்.

அளவீட்டுப் பிழைகளுக்குக் கணிதவியலாளர் லெஜாண்டர் 1805இல் அச்சிட்ட 'குறைந்த வர்க்க' முறை கைவசம் இருந்தது. எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு, பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகையைக் குறைக்கும் முறை அது. சிறு பிழைகளுக்கு அருமையானது. ஆனால் வர்க்கம் எடுப்பதால், பெரிய பிழைக்கே இழுவிசை அதிகம். குடம் பாலில் துளி விஷம்.

'அதிகம் விலகிய புள்ளியை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடலாமே?' கூடாது என்பதை இருவரும் ஏழே புள்ளிகளுக்கு ஒரு நேர்கோடு பொருத்திக் காட்டினார்கள். (0,0), (1,1), (2,2), (3,2), (3,3), (4,4) ஆறும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கின்றன. ஏழாவதான (10,2) பொய். அது கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுவதால் முதலில் வெளியேறுவது (4,4), அடுத்து (3,3), பிறகு (0,0). நல்லவை மூன்றும் போன பின்னும் பொய்ப் புள்ளி உள்ளேயே இருக்கிறது!

எனவே தொடக்கத்தையே மாற்றினார்கள். எல்லாரையும் கூட்டாதே, குலுக்கல் போல இரண்டே புள்ளிகளை எடு, கோடு போடு, எத்தனை புள்ளிகள் அதன் அருகில் நிற்கின்றன என்று எண்ணு. பலமுறை செய், அதிக ஆதரவு பெற்ற கோட்டை வைத்துக்கொள். குலுக்கி எடுத்த மாதிரிக்கு மற்றவை தரும் ஒப்புதல் என்பதே 'ரான்சாக்' என்ற பெயரின் பொருள். மும்மூன்றாக எடுக்க வேண்டிய கணக்கில் பாதிப் புள்ளிகள் பொய்யாக இருந்தாலும், 35 முறை எடுத்தால் ஒருமுறையாவது மூன்றும் நல்லவையாக அமைய 99 சதவீத வாய்ப்பு உண்டு.

அந்த ஏழு புள்ளிகளுக்கே திரும்புவோம். (10,2)ஐ (4,4)உடன் சேர்த்துக் கோடு போட்டால் வேறெதுவும் அருகில் வராது. (0,0)ஐ (4,4)உடன் சேர்த்தால் ஆறும் வந்து நிற்கும். முதலில் வெளியே தள்ளப்பட்ட அந்த (4,4)தான் இப்போது கோட்டைத் தாங்குகிறது.