நிலமும் பொழுதும்: கணினித் திரையில் ஒரு நாசகாரிக் கப்பல்



ஒரு பாட்டின் பொருளை ஆராயப் புகுவோன் முதலிலே கேட்க வேண்டியது அதன் நிலம் எது, பொழுது எது என்பதே. தொல்காப்பியர் இவ்விரண்டையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்திலே வாழும் உயிர்களும் புழங்கும் பொருள்களும் கருப்பொருள். மாந்தர் நெஞ்சிலே நிகழ்வது உரிப்பொருள். அகப்பாட்டுக்காக வகுக்கப்பட்ட இம்முறை, இன்று கணினியிலே ஆக்கப்படும் போர்க்கப்பற் படங்களுக்கும் உரைகல்லாக அமையும் என்பதையே இன்றைய உரையிலே காட்ட விரும்புகிறேன்.

உலகப் போர்க்கால நாசகாரிக் கப்பல்கள் கடலிலே விரைவதை, ஒளிப்படமோ எனக் கண் மயங்கும்படி கணினியிலே ஆக்குவோர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர். கப்பல் கட்டியோர் விட்டுச்சென்ற வரைபடங்களைக் கொண்டு அதன் உடலை முப்பரிமாண உருவமாக அமைக்கிறார்கள். பின்னர் கடலையும் வானையும் வெயிலையும் சேர்க்கிறார்கள். பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள்கள் வந்தபின் இக்கலை பொருள்வளம் இல்லாதோர்க்கும் எட்டியிருக்கிறது. நாசகாரி என்பது ஒடுங்கிய உடலும் மிகுந்த வேகமும் கொண்ட சிறிய போர்க்கப்பல். பெருங்கப்பல்களைப் போலத் தடித்த கவசம் அதற்கில்லை. பிறருக்குக் காவல் செல்வதே அதன் முதற்கடமை. அந்த மெலிவும் விரைவுமே ஓவியரைக் கவர்வன எனலாம்.

கப்பலை மெய்யாகக் காட்டுவது ஓவியனின் தொழில். ஆனால் கப்பலைப் பொய்யாகக் காட்டுவதற்கென்றே ஓவியர்கள் வண்ணம் குழைத்த காலமும் ஒன்றிருந்தது. 1917இலே ஜேர்மன் நீர்மூழ்கிகள் பிரித்தானியாவின் வணிகக் கப்பல்களை மூழ்கடித்துவந்த வேளையில், கடல் ஓவியரான நோர்மன் வில்கின்சன் ஒரு யோசனை சொன்னார். கப்பலைக் கடலிலே மறைக்க இயலாது. ஆனால் அது எத்திசையிலே செல்கிறது என்பதிலே பகைவனைத் தடுமாறச் செய்யலாம் என்பது அவர் கருத்து. கோணல்மாணலான கறுப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள் கப்பலின் உடலெங்கும் தீட்டப்பட்டன. இலண்டன் றோயல் அக்கடமியிலே சிறிய மாதிரிக் கப்பல்களைச் சுழல்மேடையிலே வைத்து, நீர்மூழ்கியின் பார்வைக் குழாயினூடாகப் பார்த்துச் சோதித்தனர். 2,000க்கு மேற்பட்ட கப்பல்கள் இவ்வாறு வண்ணம் பெற்றன. சில கப்பல்களின் முன்பக்கத்திலே இல்லாத அலை ஒன்றையும் எழுதினார்கள். அணியத்திலே எழும் அலையைப் பார்த்தே பகைவன் வேகத்தைக் கணித்தான்; பொய் அலை அவன் கணக்கைப் பிழையாக்கும் என எண்ணினர். ஓர் அலைக்குள் இத்தனை செய்தி அடங்கியிருப்பதை மனங்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போரிலே ஓவியர்கள் கண்கண்ட சாட்சிகளாகவும் கடலுக்குச் சென்றார்கள். எரிக் ரவிலியஸ் என்னும் ஆங்கில ஓவியர் 1940இலே ஹைலாண்டர் என்னும் நாசகாரியிலே நோர்வேக் கடலுக்குப் போனார். குளோரியஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை அங்கே வரைந்தார். 1940 யூன் 8ஆந் திகதி அக்கப்பலும், காவலாகச் சென்ற ஆர்டென்ற், அகஸ்ரா என்னும் இரு நாசகாரிகளும் மூழ்கடிக்கப்பட்டன. 1,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். ரவிலியஸ் தாமும் 1942 செப்ரெம்பரிலே ஐஸ்லாந்துக்கு அப்பால் விமானத்தோடு காணாமற் போனார். அவருடைய நீர்வண்ணப் படங்கள் ஒளிப்படம் போல இரா. எனினும் அவர் அந்த நிலத்திலே, அந்தப் பொழுதிலே நின்றவர். கணினி ஓவியனுக்கு அந்த வாய்ப்பில்லை. அவனுடைய படமோ ஒளிப்படம் போலத் தோன்றி, 'நான் கண்டேன்' என்று சொல்கிறது. அவன் கடமை பெரிதாவது இதனாலேதான்.

நமது நாட்டுக் கடலோடு தொடர்புடைய ஒரு கப்பலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வம்பயர் என்னும் நாசகாரி 1917இலே இங்கிலாந்திலே கட்டப்பட்டு, 1933இலே அவுஸ்திரேலியக் கடற்படைக்குக் கைமாறியது. மத்தியதரைக் கடலிலே பணிபுரிந்த ஐந்து பழைய அவுஸ்திரேலிய நாசகாரிகளுள் இதுவும் ஒன்று. ஜேர்மன் பிரசாரகர்கள் அவற்றைப் பழைய இரும்பு என்று எள்ளினர். மாலுமிகள் அந்த ஏளனத்தையே தம் அணிக்குப் பெயராகச் சூடிக்கொண்டனர். 1941 டிசெம்பர் 10ஆந் திகதி மலாயாக் கடலிலே பிரின்ஸ் ஒவ் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் பெருங்கப்பல்கள் யப்பானிய விமானங்களாலே மூழ்கடிக்கப்பட்டபோது, நீரிலே தத்தளித்தோரில் 200க்கு மேற்பட்டோரை வம்பயர் ஏற்றிக் காத்தது.

நான்கு மாதங்களின் பின் அதன் முறை வந்தது. 1942 ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்திலே ரெனெடொஸ் என்னும் நாசகாரி மூழ்கியது. ஏப்பிரல் 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. முதல்நாள் இரவே அத்துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் வம்பயரும் முற்பகலிலே திரும்பி வந்துகொண்டிருந்தன. மட்டக்களப்புக்கு அப்பாலே குண்டுவீச்சு விமானங்கள் அவற்றைக் கண்டன. ஹேர்மிஸ் சில நிமிடங்களிலே மூழ்கியது; 307 பேர் இறந்தனர். அடுத்து வம்பயர் முறிந்து தாண்டது. அதன் தளபதி வில்லியம் மோரன் கப்பலோடு போனார். வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் வந்து சுமார் 600 பேரை நீரிலிருந்து மீட்டது.

இந்தக் காட்சியைக் கணினியிலே ஆக்க முற்படும் ஓவியன் முதலிலே கருப்பொருளிலே இடறலாம். வம்பயர் என்று படந்தேடினால், சிட்னித் துறைமுகத்திலே அரும்பொருட் காட்சியாக நிற்கும் கப்பலொன்று கண்ணிற்படும். அது 1959இலே சேவைக்கு வந்த வேறொரு கப்பல்; பெயர் மட்டுமே ஒன்று. பழைய வம்பயருக்கு மூன்று கொதிகலன்கள். முன்னறைக் கொதிகலன் ஒன்றின் புகை மெல்லிய முன் புகைபோக்கியாலும், பின்னறைக் கொதிகலன்கள் இரண்டின் புகை தடித்த பின் புகைபோக்கியாலும் வெளியேறின. ஒன்று மெலிந்தும் ஒன்று பருத்தும் இருப்பது அழகுக்காக அன்று. இருபத்தைந்து ஆண்டு உழைத்த அக்கப்பலைப் புத்தம்புதிதாக மினுக்கிக் காட்டுவதும் பிழையே. ஹேர்மிஸ் அன்று தன் விமானங்களைக் கரையிலே விட்டுச் சென்றிருந்தது. அதன் மேற்றளத்திலே விமானங்களை அடுக்கினால் படம் நிறைவாகத் தோன்றும். அவர்கள் விமானத் துணையின்றி இறந்தார்கள் என்ற உண்மை மறைந்துவிடும்.

அடுத்தது அலை. ஓடும் கப்பல் தன் பக்கத்திலே எழுப்பும் அலைமுகடுகளின் இடைவெளி அதன் வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 20 கடல்மைல் வேகத்திலே இவ்விடைவெளி ஏறக்குறைய 68 மீற்றர்; 30 கடல்மைல் வேகத்திலே ஏறக்குறைய 150 மீற்றர். வம்பயரின் நீளமோ 95 மீற்றர். எனவே முழுவேகத்திலே அணியத்து அலையின் அடுத்த முகடு கப்பலைத் தாண்டிப் பின்னாலே விழும். பின்புறம் நீரிலே அமிழும். முழுவேகத்திலே செல்வதாகக் காட்டி, பக்கம் நெடுக நான்கைந்து முகடுகளை எழுதுபவன், வில்கின்சன் காலத்துப் பொய் அலையை அறியாமலே மீண்டும் எழுதுகிறான்.

கப்பல் எழுப்பாத கடலலைக்கும் ஒரு வரலாறுண்டு. கணினிக் கடல் பெரும்பாலும் ஜெரி ரெசென்டோர்ப் என்னும் அறிஞர் பரப்பிய முறையிலே ஆக்கப்படுகிறது. 1997இலே வெளிவந்த ரைட்டானிக் திரைப்படத்திலும் இம்முறை பயன்பட்டது. பல நீளமுள்ள எண்ணற்ற அலைகளை ஒன்றோடொன்று கூட்டிக் கடற்பரப்பை அமைப்பது இதன் சாரம். எந்த அலை எவ்வளவு வலிமையுடையது என்பதைக் கடலியலாளர் அளவைகளே சொல்கின்றன. அவ்வகையில் பெரிதும் வழங்கும் சூத்திரங்களுள் 1964இலே வெளிவந்தது ஒன்று. அது வட அத்திலாந்திக்கிலே நின்ற வானிலைக் கப்பல்களின் அளவைகளிலிருந்து பிறந்தது. 1973இலே வெளிவந்தது மற்றொன்று; அது வடகடலிலே எடுத்த அளவைகளிலிருந்து பிறந்தது. ஆகவே கணினிக் கடலுக்கும் ஒரு பிறந்தகம் உண்டு. அது வடதிசைக் கடல். கணினி தரும் கடலை அப்படியே ஏற்பவன், மட்டக்களப்பிலே மூழ்கிய கப்பலை அத்திலாந்திக்கின் சாம்பல் நிறப் புயலிலே மிதக்க விடுவான்.

ஏப்பிரல் என்பது வாடை ஓய்ந்து சோழகம் முற்றாக எழாத இடைக்காலம். கிழக்குக் கடல் பொதுவாக அடங்கியிருக்கும். பொழுதையும் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய இந்நாள்களிலே சூரியன் நமது நாட்டின் நேர்மேலே வருகிறது. அன்று முற்பகலிலே அது கிழக்கே உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. வடக்கு நோக்கிச் சென்ற கப்பலின் கடற்பக்கம் ஒளியிலும் கரைப்பக்கம் நிழலிலும் இருந்திருக்கும். குட்டையான நிழல்கள், கூசும் வெளிச்சம், மேற்கே தாழ்ந்த கரைக்கோடு. மரணத்தைக் காட்ட இருண்ட மேகம் வேண்டும் என நாம் எண்ணுகிறோம். இம்மனிதர்கள் பட்டப்பகல் வெயிலிலே இறந்தார்கள். அதுவே கொடியது.

ஹேர்மிஸ் மூழ்குவதைக் காட்டும் ஒளிப்படம் ஒன்று உண்டு. அது குண்டு போட வந்த யப்பானிய விமானமொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. மேலிருந்து பார்க்கையிலே கப்பல் ஒரு பொருளாகவே தெரியும். மனித முகம் தெரியாது. ஒளிப்படம் எடுத்தவன் இருந்த இடம் அது; அவன் பார்வை அவ்வளவே. ஆனால் ஓவியன் எங்கும் நிற்கலாம். நீரின் மட்டத்திலே, எண்ணெய் படிந்த அலைக்குள் நீந்தியவன் கண்ணின் உயரத்திலே நின்று அவன் அக்காட்சியை ஆக்கலாம். கணினி ஓவியம் வரலாற்றுக்குச் செய்யக்கூடிய தனித்தொண்டு இதுவே என்பது என் கருத்து. ஒளிப்படக் கருவி நில்லாத இடத்திலே, சான்றுகள் துணைசெய்ய, நம்மை அது நிறுத்தவல்லது.

செயற்கை நுண்ணறிவு இப்போது நொடிப்பொழுதிலே கப்பற் படம் தருகிறது. பார்வைக்கு அது குறைவற்றது. ஆனால் எந்தக் கப்பல், எந்தக் கடல், எந்த நாள் என்று கேட்டால், எந்தத் துறையிலும் கட்டப்படாத கப்பலாகவே அது பல வேளைகளில் இருக்கும். நிலமும் பொழுதும் அற்ற படத்துக்கு உரிப்பொருளும் இல்லை. யாரும் இறவாத கப்பலுக்காக யார் இரங்குவது?

நெய்தலுக்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் இரங்கல். கடற்கரையிலே நின்று, போனவர் வராமை கண்டு வருந்துவது அது. 1942இலே அக்கடலிலே நீந்திக் கரைசேர்ந்த தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. இனிவரும் பிள்ளைகள் அந்நாளைப் படங்களின் வழியேதான் காணப்போகிறார்கள். அவர்கள் முன் ஒரு கப்பற் படத்தை வைக்கும்போது, 'எவ்வளவு அழகு' என்பதோடு நின்றுவிடாமல், 'இது எந்தக் கடல், என்ன பொழுது, யார் அதிலே இருந்தார்கள்' என்று கேட்கப் பழக்குவோம். அக்கேள்விக்கு விடை சொல்லும் படமே வரலாறு.