அரிய பறவைப் பதிவு (திண்டுக்கல் வட்டாரம்)

ஓரிடத்தில் எளிதில் காணக் கிடைக்காத பறவையை இன்னதென்று உறுதிசெய்து, நேரில் பார்க்காதவரும் சரிபார்க்கும் வகையில் எழுதிவைப்பது அரிய பறவைப் பதிவு எனப்படும். திண்டுக்கல் வட்டாரத்தில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளையும் அவற்றை ஒட்டிய புதர்க்காடுகளையும் விட்டால் இப்பறவைக்கு உலகில் வேறு வாழிடம் இல்லை. அழிவாய்ப்பு இனமாகச் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ள இது, நகரை அடுத்த சிறுமலையில் வாழ்கிறது. பறவையின் உடலோ படமோ கையில் இருந்துவிட்டால் பதிவு நிலைத்துவிடும் என்பது பரவலான எண்ணம். ஆனால் அந்தப் பறவையோடு குழப்பிக்கொள்ளக்கூடிய சாதாரணப் பறவையை எந்த அடையாளத்தால் விலக்கினோம் என்று எழுதாதவரை எந்தச் சான்றும் அரைச் சான்றுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான்று என்றால் சுட்டு வீழ்த்திப் பாடம் செய்த உடல். சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1840களில் மஞ்சள்தொண்டைச் சின்னானை அறிவியல் உலகுக்கு விவரித்தது அந்த முறையில்தான். பழனிமலையில் அமெரிக்கப் பாதிரியார் சாமுவேல் ஃபேர்பேங்க் சேகரித்த உடல்களைக் கொண்டு இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு 1868இலும் 1869இலும் புதிய இனங்களை விவரித்தார். அவற்றுள் ஒன்றான பழனிமலைச் சிரிப்பான் இன்றும் ஃபேர்பேங்கின் பெயரைத் தாங்கும் தனி இனம். பெரியகுளம் முதல் மலையுச்சி வரை கண்ட பறவைகளைப் பற்றி ஃபேர்பேங்க் எழுதிய குறிப்பு, பறவையியலாளர் ஹியூம் நடத்திய ஸ்ட்ரே ஃபெதர்ஸ் இதழில் 1877இல் வெளியானது. மதுரை மிஷன் பாதிரிமார் 1845 முதல் வெயிலுக்குத் தப்பிக் கொடைக்கானலுக்கு ஏறினர். பறவைப் பட்டியலும் அவர்களோடு மலையேறிவிட்டது. கீழே திண்டுக்கல் சமவெளியின் கரட்டுக்கும் கண்மாய்க்கும் அந்தக் கவனிப்பு வாய்க்கவில்லை. பழைய பட்டியலில் ஒரு பறவை இல்லை என்பதால் அது இங்கு இருந்ததே இல்லை என்று முடிவுகட்டுவது தவறாவது இதனால்தான்.

உடலைவிட உறுதியான சான்று உண்டா என்று கேட்கலாம். உடல் பொய் சொல்லாது. அதன் காலில் கட்டிய சீட்டு சொல்லும். காட்டுச் சிற்றாந்தை ஒன்றை 1914இல் குஜராத்தில் பிடித்ததாகப் பறவை சேகரிப்பாளர் மைனெர்ட்ஸ்ஹேகன் காட்டிய உடல், 1880களில் வேறொருவர் சேகரித்து லண்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்து களவுபோனது. இந்த மோசடியை வெளிக்கொணர்ந்தவர்களுள் ஒருவரான பறவையியலாளர் பமீலா ராஸ்முசன், பொய்ச் சீட்டைப் புறக்கணித்துப் பழைய உண்மையான இடங்களில் தேடி, 1997இல் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தையைத் தம் குழுவினருடன் உயிரோடு கண்டார். ஒளிப்படத்துக்கும் இதே குறை உண்டு. எங்கு, எப்போது எடுத்தது என்பதைப் படம் தானே சொல்வதில்லை. சிறுமலை அடிவாரப் புதர்களில் சாதாரணமாகத் திரியும் வெண்புருவச் சின்னானின் பின்வயிற்றிலும் மங்கிய மஞ்சள் உண்டு. சாய்வெயிலில் எடுத்த படத்தில் அது பளிச்சென்று தெரியக்கூடும். ஆகவே மஞ்சளைக் கண்டேன் என்பது போதாது. தொண்டையும் தலையும் மஞ்சளா, நெஞ்சு சாம்பலா, வால் நுனி வெளிறியதா, வெள்ளைப் புருவம் இல்லையா என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். நின்றது பாறையிலா முள்வேலியிலா, ஒளி எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் பார்த்தது என்பவையும் சேர வேண்டும். கையேட்டைப் புரட்டுவதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. புரட்டிய பிறகு கண் பார்க்காததையும் மனம் பார்த்ததாகச் சொல்லும். குரலை ஒலிப்பதிவு செய்தால் இன்னும் நன்று.

இவ்வளவு கெடுபிடி வைத்தால் உள்ளூர்க்காரர் சொல் எடுபடாமல் போகுமே என்பது நியாயமான மறுப்பு. கடப்பைப் பகுதியில் 1900க்குப் பின் யார் கண்ணிலும் படாததாகக் கருதப்பட்ட ஜெர்டன் கோர்சர் என்னும் இரவுப்பறவை 1986இல் மீண்டும் கிடைத்ததற்கு ஐத்தன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரரே காரணம். ஆனால் அவர் பிடித்துக் காட்டிய பறவையைப் பார்த்து ஆய்வாளர் பரத் பூஷண் இனத்தை உறுதிசெய்த பிறகே அது பதிவாயிற்று. ஊர்ச்சொல் தேட வேண்டிய திசையைக் காட்டும். உறுதிசெய்யும் வேலை அதற்கப்பால் இருக்கிறது. இடத்தை வெளியிட்டால் கூட்டம் திரண்டு, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அலைக்கழிக்கும் என்ற அச்சம் இன்னும் கனமானது. அதற்காகப் பதிவையே மறைக்க வேண்டியதில்லை. நாளையும் அடையாளத்தையும் முழுமையாகத் தந்து, கூடு இருக்கும் பாறையை மட்டும் சொல்லாமல் விடலாம். இன்று பெரும்பாலான பதிவுகள் இ-பேர்ட் என்னும் இணையத் தரவுத்தளத்தில் சேர்கின்றன. வழக்கத்துக்கு மாறானவற்றைத் தன்னார்வலர்கள் பரிசீலிக்கின்றனர். ஆபத்துக்குள்ளாகக்கூடிய சில இனங்களின் துல்லியமான இடம் அதில் மறைத்தே காட்டப்படுகிறது.