விருந்தும் பகையும்: ஸ்ரபைலோகொக்கசுக் கிருமியின் வரலாறு

மனித உடலிற் குடியிருக்கும் நுண்ணுயிர்களுள்ளே ஸ்ரபைலோகொக்கசு ஓரியசைப் போல, நல்லது தீயது என வகுத்தற்கு இடர்தருவது வேறொன்று உண்டோ என்பது ஐயத்துக்குரியது. நலமுடைய மாந்தருள் ஏறக்குறைய மூவரில் ஒருவரின் நாசித்துவாரத்தில் அது யாதொரு தீங்கும் செய்யாது வாழ்கின்றது. அதே கிருமியே கொப்புளத்தையும் பிளவையையும் தோற்றுவிக்கின்றது. எலும்பினுட் புகுந்து சீழ்கொள்ளச் செய்கின்றது. இதயத்தின் வால்வுகளைச் சிதைக்கின்றது. குருதியிற் பரவி உயிரைக் கவர்கின்றது. ஒரே உயிர் ஓரிடத்துச் சாதுவாயும் பிறிதோரிடத்துக் கொலைஞனாயும் இருத்தற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு ஓரளவேனும் விடை காண்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றது.

வரலாறு ஸ்கொத்லாந்து நாட்டின் அபடீன் நகரிலே தொடங்குகின்றது. அங்குச் சத்திர வைத்தியராயிருந்த அலெக்சாந்தர் ஒக்ஸ்ரன் (1844–1929) என்பார், நோயாளர் கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். உருண்டை வடிவான நுண்ணுயிர்கள், சில சங்கிலிபோலத் தொடர்ந்தும் சில குலைகுலையாகத் திரண்டும் கிடத்தலைக் கண்டார். கண்டதோடு அமைந்தாரல்லர். தம் இல்லத்தின் பின்புறத்தே சிறியதோர் ஆய்வுகூடம் அமைத்து, அச்சீழைச் சுண்டெலிகளுக்கும் கினிப்பன்றிகளுக்கும் ஊசிமூலம் ஏற்றினார். அவற்றுக்கும் கட்டிகள் உண்டாயின. சீழைச் சூடாக்கியோ காபோலிக்கமிலத்தோடு சேர்த்தோ ஏற்றியபோது கட்டி உண்டாகவில்லை. இம்முடிபுகளை 1880ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திற் பேர்லின் நகரிற் கூடிய சத்திர வைத்தியர் மாநாட்டில் எடுத்துரைத்தார். 1882இல் அக்குலை வடிவக் கிருமிக்கு அவர் இட்ட பெயரே இன்றும் வழங்குவது. கிரேக்க மொழியில் 'ஸ்ரபைலே' என்பது திராட்சைக் குலையை, அஃதாவது எம்மூர் வழக்கில் முந்திரிகைக் குலையைக் குறிக்கும். இப்பெயரை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் அபடீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் என்பது மொழி பயில்வோர் மகிழ்தற்குரிய செய்தி.

ஈராண்டின் பின்னர், 1884இல், யேர்மானியரான ரோசன்பாக் என்பார் பொன்னிறத்து வளர்வதை 'ஓரியசு' எனவும் வெண்ணிறத்து வளர்வதை 'அல்பசு' எனவும் பிரித்தார். அக்காலத்து அறிஞர் பலரின் கருத்து எளிமையானது: கிருமி உண்டாயின் நோய் உண்டு, கிருமி இன்றேல் நோய் இல்லை. வாந்திபேதி, என்புருக்கி முதலியவற்றை ஆராய்வதற்கு இக்கருத்துப் பெரிதும் பயன்பட்டது. ஆயின், நோயற்றவன் மூக்கிலும் தோலிலும் குடியிருக்கும் கிருமியை விளக்க அது போதுமானதன்று.

இக்குறைபாட்டைக் கொடிய முறையில் உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 1928ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவுஸ்திரேலியாவின் குயின்சுலாந்துப் பகுதியிலுள்ள பண்டபேக் என்னும் ஊரில் நிகழ்ந்தது. தொண்டைக்கரப்பன் நோயைத் தடுப்பதற்காகக் குழந்தைகளுக்கு ஊசி ஏற்றி வந்தனர். இரப்பர் மூடியிட்ட ஒரே போத்தலிலிருந்து மருந்து பலமுறை எடுக்கப்பட்டது. முதல் முறைகளில் ஊசி பெற்ற குழந்தைகளுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. சில நாட் கழித்து, சனவரி 27ஆந் திகதி, அதே போத்தலிலிருந்து 21 குழந்தைகளுக்கு ஏற்றினர். அவர்களுட் பதினெண்மர் நோயுற்றனர், பன்னிருவர் இறந்தனர். அரசினர் அமைத்த விசாரணைக்குழு கெலவே என்னும் அறிஞர் தலைமையில் ஆராய்ந்து, மருந்தினுள் ஸ்ரபைலோகொக்கசு ஓரியசு புகுந்து பெருகியிருந்ததெனக் கண்டது. கிருமியைத் தடுக்கும் பொருள் யாதும் அம்மருந்திற் கலக்கப்பட்டிருக்கவில்லை. குழுவினருக்குத் துணைநின்ற இளைஞரான மக்பாலன் பேணற்று, பிற்காலத்தில் (1960இல்) நோபல் பரிசு பெற்றவர், இக்கிருமி சுரக்கும் தொட்சின்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்.

பண்டபேக்கிலே பன்னிரு குடும்பங்கள் அடைந்த துயரை எண்ணுங்கால் அதனை வெறும் சான்றாகக் கூறவும் மனம் கூசுகின்றது. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முன்னர் ஏற்றியதும் பின்னர் ஏற்றியதும் ஒரே போத்தல். இடையில் நிகழ்ந்தது கிருமியின் பெருக்கம். எண்ணிக்கை மிகுந்ததனால் மாத்திரம் தீங்கு மிகுந்ததா, அன்றி எண்ணிக்கை மிகுந்தவிடத்துக் கிருமியின் ஒழுக்கமே மாறியதா என்னும் கேள்வியை அக்காலத்தில் எவரும் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தாலும் விடை காணும் கருவிகள் அன்று இல்லை.

அதே 1928ஆம் ஆண்டின் செத்தெம்பரில் இலண்டன் நகரிலே பிளெமிங்கு என்பார் பெனிசிலினின் இருப்பை உணர்ந்ததும் ஸ்ரபைலோகொக்கசு வளர்ந்த தட்டொன்றிலேயாம். இக்கதை யாவரும் அறிந்தது, விரிப்பின் பெருகும். கிருமியை அறவே கொல்லும் மருந்து கிடைத்தபின், அதன் ஒழுக்கத்தை ஆராய வேண்டும் என்னும் ஆர்வம் தளர்ந்தமை இயல்பே. ஆயின் வெற்றி நெடிது நிலைக்கவில்லை. இலண்டனில் ஒரு மருத்துவமனையிலே மேரி பாபர் அம்மையார் எடுத்த கணக்கின்படி, பெனிசிலினுக்கு அடங்காத ஸ்ரபைலோகொக்கசுக்கள் 1946இல் நூற்றுக்கு 14ஆக இருந்து 1948இல் நூற்றுக்கு 59ஆக உயர்ந்தன. 1959இல் மெதிசிலின் என்னும் புது மருந்து வந்தது. 1961இல் அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்திற் காணப்பட்டது. கொல்லும் மருந்து ஒவ்வொன்றும், தனக்கு அடங்காத சிலவற்றை எஞ்சவிட்டு அவற்றின் பரம்பரை தழைக்க வழிசெய்தது.

இந்நிலையிலேதான் ஒழுக்கம் பற்றிய வினா மீண்டும் எழுந்தது. கிருமியின் இயல்புகள் அதன் டீ.என்.ஏ.யிலுள்ள பரம்பரையலகுகளில் எழுதப்பட்டுள்ளன. ஓரியசின் ஓரினத்தில் அத்தகைய அலகுகள் ஏறக்குறைய 2,600 உள என்பதனை யப்பானிய அறிஞர் 2001இல் முழுவதும் வாசித்து வெளியிட்டனர். ஆயின் எழுதப்பட்டவை யாவும் எக்காலத்தும் வாசிக்கப்படுவனவல்ல. நூலகத்திலுள்ள நூல்களுட் சில திறக்கப்பட்டும் பல மூடியும் கிடத்தல்போல, அலகுகளுட் சில தொழிற்படச் சில வாளாவிருக்கும். எவ்வேளையில் எதனைத் திறப்பது என்பதை ஆள்வது யாது?

நியூ யோர்க்கு நகரில் றிச்சட் நோவிக்கு என்பாரும் அவர் குழுவினரும் 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஆராய்ந்து, ஏ.ஜீ.ஆர். எனப்படும் ஆளுகைத் தொகுதியை விளக்கினர். அது செயலாற்றும் முறை வியத்தற்குரியது. ஒவ்வொரு கிருமியும் சில அமினோவமிலங்களாலான, மோதிரம்போல் வளைந்த சிறு பொருளொன்றைத் தன் புறத்தே விடுகின்றது. கிருமிகள் சிலவாயிருக்கும்போது அப்பொருள் சிதறி மறையும். நெருங்கிப் பெருகியவிடத்து அது செறிவடையும். கிருமியின் புறத்தேயுள்ள உணர்புரதம் அச்செறிவை அறிந்து உள்ளே செய்தி அனுப்பும். 1995இல் இவ்வளையப் பொருளின் அமைப்பு வெளியிடப்பட்டது. உள்ளே சென்ற செய்தியின் பயனாக ஆர்.என்.ஏ. மூலக்கூறு ஒன்று தோன்றுகின்றது. 514 அலகு நீளமுள்ள இம்மூலக்கூறே உடலோடு ஒட்டிக்கொள்ளவும் மறைந்திருக்கவும் உதவும் மேற்பரப்புப் புரதங்களைக் குறைத்து, கலங்களைத் துளைக்கும் தொட்சின்களைப் பெருக்குகின்றது. சுருங்கக் கூறின், தனித்திருக்கும்போது குடியமரும் கருவிகளையும், கூட்டமாய்த் திரண்டபின் கொள்ளையிடும் கருவிகளையும் அக்கிருமி எடுக்கின்றது. பண்டபேக்கில் எழாத கேள்வி ஏறக்குறைய எழுபதாண்டுகளின் பின் இவ்வாறு விடை பெற்றது.

விருந்துவழங்கி என்று நம் விஞ்ஞான நூல்கள் கூறும் உடலும் இந்நாடகத்தில் வாளா பார்த்திருப்பதன்று. வெண்குருதிக் கலங்கள் வெளியிடும் ஒட்சியேற்றும் பொருள்கள் மேற்கூறிய வளையப் பொருளின் சில வகைகளைப் பயனற்றனவாக்கும் என 2004இல் காட்டப்பட்டது. குருதியிற் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதமொன்று அதனைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும் என 2008இலும், குருதியின் செந்நிறப் புரதமாகிய ஈமோகுளோபின் அதன் செய்தியை அடக்கி மூக்கில் அமைதியாகக் குடியிருக்கச் செய்யும் என 2011இலும் கண்டறிந்தனர். கிருமியும் சும்மா இருப்பதன்று. வெண்கலங்கள் வெளியிடும் பொருள்களை உணர்ந்து தன் தொட்சின் அலகுகளைத் திறக்கும் வேறோர் ஆளுகைத் தொகுதியும் அதனிடத்து உண்டு. ஒருவர் பேச்சை மற்றவர் ஒட்டுக்கேட்டுத் தம் பேச்சை மாற்றும் வழக்காடல் போன்றது இது. மூக்கிற் சாதுவாயிருந்த கிருமி காயத்தினுட் கொடியதாவதை விளக்க, கிருமியை மாத்திரமோ உடலை மாத்திரமோ ஆராய்தல் போதாது என்பது இதனாற் போதரும்.

கொல்லாது படைக்கலம் பறித்தல் என்னும் புதிய எண்ணம் இவ்வாராய்ச்சியிலிருந்து பிறந்தது. வளையப் பொருளின் செய்தியைத் தடுத்துவிட்டாற் கிருமி தொட்சின் சுரவாது. கொல்லப்படாமையின் எதிர்த்து நிற்கும் இனம் விரைந்து தோன்றுதற்கும் இடம் குறையும் என அறிஞர் சிலர் கருதினர். கருத்து அழகியதே. ஆயினும் அதனை முழுவதும் ஏற்றற்குத் தடையொன்று உண்டு. குருதியில் நெடுநாட் தங்கி நோயாளியை வருத்தும் ஓரியசுக்களுட் பலவற்றில் ஏ.ஜீ.ஆர். தொகுதி பழுதுற்றுக் கிடக்கின்றது. படைக்கலம் இழந்தவை, உடலினுட் செலுத்திய குழாய்களிலும் செயற்கை மூட்டுக்களிலும் படையாய்ப் படிந்து பிடிவாதமாய் வாழ்கின்றன. ஆகவே ஒரு நோய்க்கு நன்மையாவது மற்றொன்றுக்குத் தீமையாதலும் கூடும்.

தடுப்பூசி முயற்சிகளும் இடர்ப்பட்டன. இக்கிருமியின் புரதமொன்றைக் கொண்டு ஆக்கப்பட்ட வீ710 என்னும் தடுப்பூசி விலங்குகளில் நற்பயன் தந்தது. இதய, நெஞ்சறைச் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமானோரிடத்து நிகழ்ந்த பெருஞ் சோதனை 2011இல் இடைநிறுத்தப்பட்டது. ஊசி பெற்றபின் ஓரியசு நோய்க்கு உள்ளானோரிடத்து மரணம் மிகுந்து காணப்பட்டது. எலியில் வென்றது மனிதனில் ஏன் தோற்றது என்பதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று நம் வரலாற்றின் தொடக்கத்தோடு தொடர்புடையது. வெண்கலங்களைத் துளைக்கும் தொட்சின்களுள் பந்தன், வலந்தைன் என்னும் இருவர் 1932இல் விவரித்த ஒன்று, மனிதரின் வெண்கலத்திலுள்ள குறிப்பிட்டதொரு புரதத்தைப் பற்றியே உட்புகும் என 2013இல் தெளிவாயிற்று. முயலின் புரதத்தையும் அது பற்றும். சுண்டெலியின் புரதத்தைப் பற்றுவதில்லை. ஒக்ஸ்ரன் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வாளர் நம்பியிருந்த அச்சிற்றுயிர், கிருமி மனிதனோடு நிகழ்த்தும் உரையாடலின் ஒரு பகுதியைக் கேட்கும் செவியின்றியே இருந்துள்ளது.