டெல்லியில் நின்ற கான்கிரீட் வலை

சுதந்திரத்தின் 25 ஆண்டு நிறைவையொட்டி 1972-ல் டெல்லி பிரகதி மைதானத்தில் ‘ஆசியா 72’ என்ற சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடத்த முடிவானது. அதற்கு ஒரு பெரிய மண்டபம் வேண்டும். உள்ளே ஒரு தூண்கூடக் குறுக்கே நிற்கக் கூடாது. அவகாசமோ இரண்டு ஆண்டுக்கும் குறைவு. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவலும் கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜும் இந்தப் பொறுப்பை ஏற்றார்கள்.

அவ்வளவு அகலத்தைத் தூணின்றி மூடுவதற்கு அப்போது வெளிநாடுகளில் கையாண்ட வழி ஸ்பேஸ் ஃபிரேம். எஃகுக் குழாய்களை முக்கோணங்களாகக் கோத்து, பாரத்தை எல்லாத் திசையிலும் பிரித்துவிடும் சட்டகம் அது. இந்தியாவில் அன்று எஃகுக்குத் தட்டுப்பாடு, விலையும் கட்டுப்படியாகாது. சிமெண்டு இருந்தது, வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். அதனால் அதே சட்டகத்தைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் வார்த்துவிடுவது என்று துணிந்தார்கள். அந்த அளவில் அதற்கு முன்மாதிரி கிடையாது.

இதன் கஷ்டம் முழுக்க முடிச்சுகளில் இருக்கிறது. கான்கிரீட் அழுத்தத்துக்கு அசையாது, இழுத்தால் விரிசல் விடும். இழுவிசையை உள்ளே இருக்கும் கம்பிதான் சுமக்க வேண்டும். பல திசைகளிலிருந்து சாய்ந்து வரும் கான்கிரீட் தண்டுகள் ஒரே இடத்தில் கூடும்போது, எல்லாவற்றின் கம்பிகளும் அங்கே வந்து நெரிகின்றன. அந்த நெரிசலுக்குள் கலவை இறங்கி அடைந்தாக வேண்டும். எங்காவது பொந்து விழுந்தால் அந்த முடிச்சை நம்பியிருக்கும் தண்டுகள் எல்லாமே பலவீனப்படும்.

தண்டுகளைத் தரையில் வார்த்து மேலே தூக்கிப் பொருத்தாமல், அவை நிற்க வேண்டிய இடத்திலேயே வார்த்தார்கள். சாரம் கட்டி, ஒவ்வொரு சாய்வுக்கும் தனியாகச் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கலவையைக் கொட்டினார்கள். இத்தகைய சட்டகம் முழுசாக முடிந்து இறுகிய பிறகுதான் தன் காலில் நிற்கும். அதுவரை பாரம் சாரத்தின் மேல். ரேவலையும் மகேந்திர ராஜையும் கொண்டாடும்போது கம்பி கட்டியவர்களையும் சித்தாள்களையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், ஒரு முடிச்சில் கலவை ஒழுங்காக இறங்கியதா என்பது அவர்கள் கையில்தான் இருந்தது.

1972 நவம்பரில் திறந்தபோது, உச்சி வெட்டப்பட்ட பிரமிடு போல ஹால் ஆஃப் நேஷன்ஸ் எழுந்து நின்றது. நடுவில் தூணே இல்லாத 78 மீட்டர் அகலம். பக்கத்தில் அதே பாணியில் சிறிய மண்டபங்களின் தொகுப்பாக ஹால் ஆஃப் இண்டஸ்ட்ரீஸ். பாரம் தாங்கிய அதே ஆழமான சட்டகம் வெயிலையும் மறைத்தது. முகலாயர் கட்டடங்களில் ஜாலி என்னும் துளைத்திரை செய்த வேலையை இங்கே கட்டடத்தின் எலும்புக்கூடே செய்துவிட்டது. எனக்கு இந்த மண்டபத்தில் மிகவும் பிடித்ததும் அதுதான். அலங்காரத்துக்கென்று எதையும் ஒட்டவில்லை.

பிற்காலத்தில் ஆண்டுதோறும் நவம்பரில் நடந்த வர்த்தகக் கண்காட்சிக்கு வந்த கூட்டமெல்லாம் இந்த முக்கோணங்களைப் பார்த்துத்தான் போயிற்று.

மைதானத்தைப் புதுப்பிக்கும் திட்டம் வந்ததும் மண்டபத்துக்கு ஆபத்தும் வந்தது. இந்தியாவிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கட்டடக் கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், வழக்கும் நடந்தது. பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவோ 60 வயது நிரம்பிய கட்டடங்களையே பரிசீலிக்க முடியும் என்றது. இந்த அளவுகோலை 2017-ல் வைத்துப் பாருங்கள்: 1957-க்குப் பிறகு சுதந்திர இந்தியா கட்டிய எதுவுமே அதற்குள் வராது. ஒரு கட்டடத்தில் என்ன சாதிக்கப்பட்டது என்று கேட்காமல் வயதை மட்டும் கேட்பது நியாயமே அல்ல. 2017 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. சில நாட்களிலேயே, இரவோடு இரவாக, மண்டபத்தை இடித்தார்கள். அந்த வளாகத்தில் எழுந்த பாரத் மண்டபத்தில் 2023-ல் ஜி20 மாநாடு நடந்தது.

2022-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தெற்காசியக் கட்டடக்கலை பற்றிய கண்காட்சியில் ஹால் ஆஃப் நேஷன்ஸை முன்வைத்தது. அதே ஆண்டு மகேந்திர ராஜ் காலமானார். அவர் கட்டமைப்பு வகுத்து, கட்டடக் கலைஞர் குல்தீப் சிங் வடிவமைத்த தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழக (என்.சி.டி.சி.) அலுவலகமும் பாலிகா கேந்திராவும் டெல்லியில் இருக்கின்றன. இரண்டுக்கும் இன்னும் 60 வயது ஆகவில்லை.